லூப் பெடலில் பதிந்த ஓர் ‘ஆமாங்க’

தேனியிலும் போடியிலும் கம்பத்திலுமாகத் தனியாகக் கிட்டார் வாசிக்கக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஆறு பேர் சேர்ந்து ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். “அக்கா, லூப் பெடல் வாங்கிட்டோம். எதுல கவனமா இருக்கணும்?” நீங்கள் ஒரு வரியில் கேட்டதற்குப் பதில் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்த்தால் பயமுறுத்துவதுபோல இருந்தது, கிழித்துவிட்டேன். மறுபடி எழுதியது, எல்லாம் சுலபம் என்பதுபோல இருந்தது, அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

நான் மேடையிலிருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்து மூன்று வயதில் என்ன ஓய்வு என்று நீங்கள் சிரிக்கலாம்; என் மாமியாரும் சிரித்தார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, ஒரு தோளில் கிட்டாரும் மறு தோளில் பால் புட்டிப் பையுமாக ஊர் ஊராகப் போக முடியாது என்று எனக்கே தோன்றிவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே பெடல் இல்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் அதற்குத் தேவையும் இல்லை.

எந்த வயர், எந்த அடாப்டர், எந்தக் கம்பெனிப் பெடல் என்பதெல்லாம் வீடியோக்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது பெடலை அழுத்தும் காலைப் பற்றி.

இந்தக் கடிதத்தை வீட்டிலும் காட்டப்போவதாக உங்களில் இருவர் சொன்னதால் ஒரு பத்தி மட்டும் விளக்கம். லூப் பெடல் என்பது செங்கல்லில் பாதி அளவுள்ள ஒரு பெட்டி. காலால் ஒருமுறை அழுத்தினால், வாசிப்பதைப் பதியத் தொடங்கும். மறுமுறை அழுத்தினால், பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருமுறை அழுத்தினால், அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் பதியும். சட்டென்று இருமுறை தட்டினால் நிற்கும். அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழியும். இத்தனைக்கும் ஒரே ஒரு பொத்தான். ஒரே ஆள் நான்கு பேர்போல வாசிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஆள் நான்கு பேர் செய்யும் தவறையும் செய்யலாம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் கிட்டாரையும் மைக்கையும் சின்ன மிக்சரில் சேர்த்து, இரண்டையும் இந்தப் பெடல் வழியாகவே அனுப்புவேன். என் குரலுக்கு நானே பின்பாட்டு பாடலாமே என்ற ஆசை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்று இனிமேல்தான் வருகிறது.

முதலில் வீட்டில் நடந்தது. மூத்தவளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் மத்தியானம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குப் பயிற்சி நேரம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அடுத்த அறையில் உட்கார்ந்து, எட்டு விநாடிக்கு ஒரு சின்ன வாசிப்பைப் பதிந்தேன். அது சுழலத் தொடங்கியதும், “அம்மா” என்று பிள்ளை கூப்பிட்டாள். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். கனவில் கூப்பிட்டிருப்பாள் என்று திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். “அம்மா.” மறுபடி ஓடினேன். தூக்கம். மூன்றாவது முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலோ என்று. நான்காவது முறை, தூக்கத்தில் கூப்பிடும் பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை என்று போனில் தேடினேன். போன் பத்து விதமான வியாதி சொன்னது. கணவருக்கு அழைத்து அழாத குறையாகச் சொன்னேன்.

“எத்தன நேரத்துக்கு ஒருக்கா கூப்பிடுறா?”

“எட்டு செகண்டுக்கு ஒருக்கா.”

அவர், “ஒன் பெடல் எத்தன செகண்டு?” என்றார்.

பதியும்போது அவள் உண்மையிலேயே ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறாள். மைக் அதை எடுத்துக்கொண்டது. பெடலுக்குப் பாட்டு எது, பிள்ளை எது என்று தெரியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அன்றே மைக்கைத் தனியாகப் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். அதற்குள் ரேவதி வீட்டுக் காதுகுத்து வந்துவிட்டது.

ரேவதி கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவள். கூடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பதினோரு மாதப் பெண் குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்து, என்னை வாசிக்கக் கூப்பிட்டாள். காதுகுத்துக்குக் கிட்டாரா என்று நான் தயங்கினேன். அவள் போனில் சொன்னது இன்றுவரை எனக்கு மனப்பாடம்.

“அக்கா, வருசநாட்டுல இருந்து எங்க அண்ணன் வர்றாக. வளைகாப்புப் பத்திரிகையில அவுக பேரக் கடைசி வரியில போட்டாகன்னு ஒரு வருசத்துக்கு மேலா எங்க வீட்டுக்காரக ஆளுகளோட பேச்சுவார்த்த இல்ல. பிள்ள பொறந்ததுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலோட பாத்துட்டுப் போயிட்டாக. இப்பத்தான் மனசெறங்கி வாரேன்னு சொல்லியிருக்காக. அண்ணன் மடியில வச்சு பாப்பாவுக்குக் காது குத்தணும். அது ஒண்ணு நடந்துட்டாப் போதும்.”

“நான் என்ன செய்யணும் ரேவதி?”

“நீங்க ஒண்ணுமே செய்யாதீக அக்கா. ரெண்டு பக்கத்து ஆளுகளும் ஒருத்தர ஒருத்தர் பேசவிடாம, மெதுவா வாசிச்சுக்கிட்டே இருங்க.”

நம் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாமன் முகம் சுளித்து எழுந்துபோனால், ஆசாரி கம்பியை மடித்து வைத்துவிடுவார். பிள்ளையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான். இந்த முறை போனால் அண்ணன் திரும்ப வரமாட்டார் என்பது ரேவதியின் பயம். அந்தப் பயத்தை அவள் போனிலேயே என் தலையிலும் ஏற்றிவிட்டாள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க எந்தப் பாட்டுக்கு யார் கோபிப்பார்கள் என்று பட்டியல் போட்டு, கடைசியில் வார்த்தையே இல்லாமல் வெறும் கிட்டார் வாசிப்பது என்று முடிவு செய்தேன். வார்த்தை இருந்தால்தானே வம்பு.

கோயில் ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. வேப்பமரத்தடியில் எனக்கு நான்கு பெஞ்சை இணைத்து மேடை. மைக்செட் தங்கராசு அண்ணன் இரண்டு பெரிய ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு, “இங்கன தட்டுனா மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் கேக்கும்” என்றார். நான் சத்தம் குறைவாகத்தான் வேண்டும் என்றேன். “கொறைக்கிறதுக்கா செட்டு போடுறோம்?” என்று கேட்டுவிட்டு ஏதோ ஒரு குமிழைத் தொட்டார். அது குறைந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பத்து மணி வாக்கில் மாமன் பாண்டி வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே தெருமுனையில் உறுமி மேளம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு பேர் மேளம். அதன் பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் பாண்டி அண்ணன், அவர் பின்னால் சீர்த்தட்டுகள். மேளம் பன்னிரண்டு, தட்டு ஏழு. தட்டுகளின் நடுவில், பட்டுத்துணியில் தைத்த ஒரு சின்னத் தலையணை இருந்தது. தன் தோட்டத்து இலவம் பஞ்சைத் தானே கொட்டை எடுத்து அடைத்தது என்று பிறகு தெரிந்தது. பிள்ளை அவர் மடியில் உட்காரும்போது எலும்பு குத்தக்கூடாதாம். அவர் ஒல்லி.

மேளம் கோயிலைச் சுற்றிப் போனதும் நான் வாசிக்கத் தொடங்கினேன். பெடலை ஒருமுறை அழுத்தினேன். பதிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கோமதி மதினி மேடைக்கு வந்தார். கோமதி, ரேவதி கணவரின் அக்கா. வளைகாப்புப் பத்திரிகைக்குப் பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுத்தவர் அவர்தான். வந்த வேகத்தில், “தலகாணியத் தூக்கிக்கிட்டு வந்துருக்காக தாயி” என்றவர், என் மைக்குக்கு முன்னால் குனிந்து, ரகசியம்போல, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“இதுக்குத்தானா இம்புட்டு மேளம்?”

கை வாசித்துக்கொண்டிருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்கிற மாதிரியான ஓர் ஆட்டல். எட்டாவது தாளத்தில் கால் தானாகப் பெடலை அழுத்தியது. லூப் மூடிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. திட்டப்படி அடுத்த அடுக்கைப் பதிய ஒரு தாளம் விட்டு இன்னொருமுறையும் அழுத்திவிட்டேன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். பெடல் பதிந்துகொண்டிருக்கிறது. முதல் அடுக்கு திரும்ப வருகிறது. அதில் கோமதி மதினி, “இதுக்குத்தானா இம்புட்டு மேளம்?” என்கிறார். எனக்கோ அவர் பக்கத்தில் நின்று இரண்டாவது தடவை கேட்பதாகத் தோன்றியது. பெரியவர் இரண்டு தடவை கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன நினைப்பார்? மரியாதையாக, மைக் வாயருகில் இருப்பது நினைவில்லாமல், சொன்னேன்:

“ஆமாங்க.”

திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. கோமதி மதினி நாலைந்து அடி தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தபடி நின்றார்.

வேப்பமரத்திலிருந்து, லோயர் கேம்ப் வரை கேட்கும் குரலில், கிட்டார் பின்னணியோடு, தாளம் பிசகாமல் வந்தது:

“இதுக்குத்தானா இம்புட்டு மேளம்?”

“ஆமாங்க.”

பதற்றத்தில் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பொத்தானை அழுத்துவது. அழுத்தினேன். அது பதிவதை நிறுத்தி, இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒலிக்க வைத்தது. நிற்கவில்லையே என்று மறுபடி அழுத்தினேன். அது மூன்றாவது அடுக்கைப் பதியத் தொடங்கியது. அதில் நான், “ஐயோ கடவுளே” என்றேன். நிறுத்துவதற்குச் சட்டென்று இரண்டு தட்டு தட்ட வேண்டும். நான் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் யோசித்தேன். யோசித்துத் தட்டினால் பெடல் அதைப் புதுக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

“இதுக்குத்தானா இம்புட்டு மேளம்?”

“ஆமாங்க.”

“ஐயோ கடவுளே.”

ரேவதியைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலைபோல நின்றிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒன்றுமே செய்யாதீர்கள் என்றுதானே சொன்னாள்.

பாண்டி அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். தன் ஆட்களைப் பார்த்துக் கையைத் தூக்கி ஏதோ கத்தினார். வாயசைவில் புரிந்தது. “எடுங்கடா தட்ட! திருப்புங்கடா வேன!” ஆனால் அவர் ஆட்கள் யாரும் அசையவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை.

தங்கராசு அண்ணன் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடித்துக்கொண்டார். “உருவிரட்டுமாக்கா? ஒரு வார்த்த சொல்லுங்க, உருவிர்றேன்!”

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். வயரை உருவினால் அவமானம் நின்றுவிடும். அடுத்த விநாடி அமைதி வரும். அந்த அமைதியில் பாண்டி அண்ணன் சொல்வது எல்லோர் காதிலும் விழும். தாய்மாமன் ஊர்முன்னால் தட்டை எடுக்கச் சொல்லிவிட்டால், அதைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் அவருக்கு அசிங்கம். இதுவரை அவர் சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காதில் விழுந்தால்தானே அது வார்த்தை.

வீட்டில் கேஸை மூடினோமா, பால் பொங்கியதா என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவள் நான். அன்று எனக்கு இரண்டாவது தடவைக்கு நேரமில்லை.

“உருவாதீக அண்ணே. ஓடட்டும்.”

“இது ஓடணுமா?” அவர் என்னைப் பார்த்த பார்வையில், மாலைக்குள் யாராவது என்னை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்ற கவலை தெரிந்தது.

ஓடியது. பெடலில் ஒரு குணம் உண்டு, கெட்டதையும் தாளத்தோடு சொல்லும். கோமதி மதினி சொன்ன வாக்கியம் நான்கு தாளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கோயிலைச் சுற்றி வந்த உறுமிக்காரர்களுக்கு மேளம் என்ற சொல் காதில் விழுந்ததும் தங்களைப் புகழ்வதாகப் பட்டிருக்கிறது. மூத்தவர் தலையை ஆட்டி, ‘இம்புட்டு மேளம்’ முடியும் இடத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தார். மற்ற பதினொரு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பந்தலில் இருந்த பிள்ளைகள், “ஆமாங்க” வரும் இடத்தில் கூடவே கத்தத் தொடங்கின. பெரியவர்கள் பாதிப்பேர் இதை ஏதோ புதுமாதிரி வரவேற்புப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மேளத்துக்கு மேல் கத்த முடியாமல் பாண்டி அண்ணன் நேராக மேடைக்கு நடந்து வந்தார்.

அவர் வேனுக்குப் போகாமல் என்னிடம் வந்ததிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. தங்கராசு அண்ணனுக்குச் சைகை காட்டினேன், சத்தத்தைக் குறைத்தார். முதல்முறையாக உண்மையிலேயே குறைத்தார்.

“யாரு தாயி அது, இதுக்குத்தானான்னு கேக்குறது?”

“கேட்டது யாருன்னு என்னைக் கேக்காதீங்கண்ணே. ஆமாங்கன்னு சொன்னது நான். அது என் தப்பு.”

“எம் மேளத்தப் பாத்து, எஞ் சீரப் பாத்து, ஆமாங்கன்னு சொல்றியே. நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?”

“அண்ணே, எனக்கு யாரு என்ன கேட்டாலும் மொதல்ல ஆமாங்கன்னுதான் வாயில வரும். கேள்வி அப்புறமாத்தான் வெளங்கும்.”

தங்கராசு அண்ணன் வயரைப் பிடித்த கையோடு குறுக்கே வந்தார். “சத்தியமாண்ணே. காலையில மைக்கு டெஸ்டிங்குன்னேன். அதுக்கும் ஆமாங்கன்னாக.”

பாண்டி அண்ணனின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குள் ஸ்பீக்கரில் சன்னமாக மறுபடியும், “இதுக்குத்தானா இம்புட்டு மேளம்?”

அவர் என்னை விட்டுவிட்டுத் திரும்பினார். கோமதி மதினி சமையல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்.

“மதினி! எங்கன போறீக? ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா?”

கோமதி மதினி நின்றார். இரண்டு வீட்டுக் கூட்டமும் பார்த்தது. நல்ல நேரம் முடிய இன்னும் கால்மணிநேரம்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆசாரி தன் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார்.

“நான் நல்லவிதமாத்தான் சொன்னேன் தம்பி,” என்றார் மதினி. “இதுக்கே இம்புட்டு மேளமான்னு... மலைச்சுப் போயிச் சொன்னேன்.”

“அப்படியா? அப்ப அந்த ‘ஆ’வ எடுத்துட்டுச் சொல்லுங்க. இதுக்குத்தான் இம்புட்டு மேளம்னு சொல்லுங்க. இங்கன வந்து, மைக்குல சொல்லுங்க. இந்தத் தாயி பெட்டியில பதியட்டும்.”

ரேவதியின் கணவர், “அக்கா...” என்று ஆரம்பித்து, அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். ரேவதி மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அருகில் வந்து நின்றாள்.

மேலேயே இன்னோர் அடுக்கைப் பதிந்தால் பழைய கேள்வியும் புதிய பதிலும் சேர்ந்து ஒலிக்கும். கேள்வி ஒலிக்கும்வரை இது தீராது. நான் பெடலின் மேல் காலை வைத்து, அழுத்திப் பிடித்தேன். கேள்வி, ஆமாங்க, ஐயோ கடவுளே, என் கிட்டார் எல்லாம் போயிற்று. எந்த அமைதிக்குப் பயந்தேனோ அதே அமைதி வந்தது. ஆனால் இப்போது அதில் பேச வேண்டியவர் பாண்டி அண்ணன் இல்லை.

கோமதி மதினி மேடை ஏறி மைக்குக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். செருமல் மரத்திலிருந்து இடிபோல வந்ததும் ஓர் அடி பின்வாங்கினார். நான் மெதுவாகக் கம்பிகளைத் தடவிக்கொண்டு, பெடலை ஒருமுறை அழுத்தினேன்.

“இதுக்குத்தான்...” என்று தொடங்கி நிறுத்தினார். சீர்த்தட்டுப் பக்கம் பார்த்தார். அந்தச் சொல்லைச் சொல்ல அவர் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் இறங்கவும் முடியாது. அப்போது ரேவதி இடுப்பிலிருந்த பிள்ளை, மைக்கின் மேலிருந்த சிவப்பு உறையைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியது. மதினி அனிச்சையாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். மைக்குக்கும் தனக்கும் நடுவில் அந்தச் சந்தன மொட்டையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

“இந்தா, இவளுக்குத்தான் இம்புட்டு மேளம்!”

நான் அழுத்தினேன். ஒருமுறைதான்.

அது பாண்டி அண்ணன் கேட்ட வாக்கியம் இல்லை. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மரம் சொன்னது, “இவளுக்குத்தான் இம்புட்டு மேளம்!” பந்தலில் இருந்த பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஒரே குரலாக, “ஆமாங்க!” என்றன. அடுத்த சுற்றில் பெண்கள் சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த சுற்றில் உறுமிக்காரர்கள் தாளம் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் ஆமாம் என்று சொல்லும்போது, என் மருமகளுக்கு இவ்வளவு மேளம் இல்லை என்று எந்தத் தாய்மாமன் சொல்ல முடியும்?

அவர் வாயை மூடிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். கோமதி மதினி பிள்ளையோடு பின்னாலேயே போய், தட்டிலிருந்த தலையணையை எடுத்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். “பஞ்சு நல்லாத்தேன் இருக்கு,” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லி, அவர் மடியில் வைத்து, அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்தார்.

ஆசாரி பெட்டியைத் திறந்தார். முதல் காதில் கம்பி இறங்கியபோது பிள்ளை அழுத அழுகையில் பாண்டி அண்ணனும் அழுதார். இரண்டாவது காதுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டேன், அந்த அழுகை பதிந்துவிடக் கூடாது என்று.

நான் செய்தது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். வயரை உருவியிருந்தால் தானாகவே அடங்கியிருக்குமோ? முதல் சுற்றிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாமோ? தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நடக்கும்போது, நடக்கத்தான் போகிறது, பொத்தானைப் பார்க்காதீர்கள். யார் எழுந்து நிற்கிறார், அவர் என்ன சொல்லப்போகிறார், அதைச் சொல்லவிடலாமா என்று பாருங்கள். கூட்டத்தில் ஆகப் பெரிய ஸ்பீக்கர் உங்கள் கையில் இருக்கிறது. சத்தம் போட மட்டுமல்ல, ஒரு சத்தத்தைக் கேட்காமல் செய்யவும் அது உதவும். அப்புறம், மைக்கைத் தனி லைனில் கொடுங்கள். நான் மறுநாளே பிரித்துவிட்டேன்.

நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாண்டி அண்ணன் வந்தார். காதில் மஞ்சள் தடவிய பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து, பிள்ளை எழுந்துவிடாத குரலில் கேட்டார்.

“தாயி, மதினி மொதல்ல சொன்னுச்சே, அந்த ‘இதுக்குத்தானா’. அத மட்டும் எம் போனுக்கு அனுப்பிவிடேன்.”

“அது அழிஞ்சு போச்சுண்ணே.”

பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அழிஞ்சுச்சா, அழிச்சியா?”

என் வாயில் வழக்கமாக வருவது வரவில்லை.

“அழிச்சேண்ணே.”

தோளில் கிடந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு. இருந்துச்சுன்னா, இவ கல்யாணம் வரைக்கும் போற எடமெல்லாம் போட்டுக் காட்டிக்கிட்டுத்தான் திரிவேன்.”